நடுவில் விடுபடும் இரண்டு துண்டுகள்



சிங்கப்பூரில் கேலாங் சாலை வழியாக நடந்து போனவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். அந்தச் சாலையிலிருந்து இரு பக்கமும் குறுக்குச் சந்துகள் பிரிகின்றன. சந்துக்கு மலாய் மொழியில் லோரோங் என்று பெயர். 15, 17, 19 என்று ஒற்றை எண் பெற்ற லோரோங்குகள் எல்லாம் சாலைக்கு வடக்கே இருக்கின்றன. 16, 18, 20 என்று இரட்டை எண் பெற்றவை எல்லாம் தெற்கே இருக்கின்றன. முகவரியில் எண்ணைப் பார்த்தவுடன் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரிந்துவிடும். ஆர்ச்சர்ட் சாலையிலிருந்து இடம் மாறி, 1993இல் கேலாங் ஈஸ்டில் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயிலுக்குப் போகும் நம்மவர்களுக்கும் இந்த வட்டாரம் பழக்கமானதுதான்.

இன்று கடைகளும் வீடுகளும் நெருங்கி நிற்கும் இதே கேலாங், 19ஆம் நூற்றாண்டில் தோட்டமாக இருந்தது. தென்னந்தோப்புகள் இருந்தன. எலுமிச்சைப் புல்லைப் பயிரிட்டு எண்ணெய் எடுத்தார்கள். அந்தப் புல்லுக்கு மலாய் மொழியில் சிராய் என்று பெயர். கேலாங் சிராய் என்ற பெயர் அதை இன்றும் நினைவூட்டுகிறது. ஆலை என்று பொருள்படும் கீலாங் என்ற மலாய்ச் சொல்லே கேலாங் ஆயிற்று என்பது ஒரு விளக்கம். 1877இல் சிங்கப்பூர்ப் பூந்தோட்டத்துக்கு 22 ரப்பர் நாற்றுகள் வந்து சேர்ந்தன. அதன்பின் தீபகற்பம் முழுவதும் ரப்பர் காடு பரவியதும், நம் பாட்டன் பூட்டன்மார் கப்பலேறி வந்ததும் நமக்குத் தெரிந்த கதைதான்.

தோட்டம் என்றால் நிரை. தேயிலையானாலும் ரப்பரானாலும் தென்னையானாலும் மரம் நிரையில்தான் நிற்கும். நிரையை எண்ணி, நிரைக்கு எத்தனை மரம் என்று எண்ணிப் பெருக்கினால் தோட்டத்தின் கணக்கு வந்துவிடும். இன்று நாம் பேசப் போகும் செய்தியும் இந்த நிரையில்தான் தொடங்குகிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இயற்கணிதம் என்ற பாடத்தில் முதலில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஈருறுப்புக் கோவைகளைப் பெருக்கிச் சுருக்குவது அது. அந்தப் பெருக்கல் எங்கிருந்து வந்தது, நம் முன்னோர் அதை எப்படிக் கையாண்டார்கள், நம் பிள்ளைகளுக்கு ஏன் அது அந்நியமாகத் தோன்றுகிறது என்று பார்ப்போம்.

தோப்பில் ஒரு கணக்கு

ஒரு தென்னந்தோப்பை நினைத்துக்கொள்வோம். அதில் 20 நிரை, நிரைக்கு 20 மரம். இருபதை இருபதால் பெருக்கினால் 400 மரம். தோப்பைப் பெரிதாக்க நினைக்கிறார்கள். இன்னும் 3 நிரை சேர்க்க வேண்டும். ஒவ்வொரு நிரையின் முனையிலும் இன்னும் 3 மரம் சேர்க்க வேண்டும். புதிதாக எத்தனை குழி வெட்ட வேண்டும்?

அவசரமாக விடை சொல்பவர், "முன்பு இருபதுக்கு இருபது, இப்போது கூடுவது மூன்றுக்கு மூன்று, ஆகவே ஒன்பது குழி" என்று சொல்லிவிடலாம். மண்வெட்டி பிடித்தவர் யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். அவர் கண்முன்னே நிலம் கிடக்கிறது. தோப்பின் ஒரு பக்கத்தில் 3 நிரை, நிரைக்கு 20 குழியாக 60 குழி. இன்னொரு பக்கத்தில் பழைய 20 நிரைகளின் முனையில் மும்மூன்றாக மற்றொரு 60 குழி. இவை இரண்டும் சேரும் மூலையில் 3 நிரைக்கு 3 வீதம் 9 குழி. ஆக 129 குழி. பழைய 400 மரத்தோடு சேர்த்தால் 529. இருபத்து மூன்றை இருபத்து மூன்றால் பெருக்கிப் பாருங்கள், அதே 529 வரும்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருவோம். இருபது என்பதற்குப் பதிலாக அ என்றும், மூன்று என்பதற்குப் பதிலாக இ என்றும் எழுதுவோம். (அ + இ) என்பதை அதனாலேயே பெருக்கினால் என்ன வரும் என்று கேட்டால், பெரும்பாலான பிள்ளைகள் முதல் நாளில் எழுதும் விடை அ² + இ². நாமும் அந்த வயதில் அப்படித்தான் எழுதினோம். சிவப்பு மையால் அடித்துத் திருப்பித் தந்தார்கள். ஆனால் நாம் எழுதியது என்ன? 400 மரத்தையும் மூலையில் உள்ள 9 மரத்தையும் எண்ணிவிட்டு, இரு பக்கமும் நிற்கும் அறுபது அறுபது மரங்களை விட்டுவிட்டோம். சரியான விடை அ² + அஇ + அஇ + இ². நடுவில் உள்ள இரண்டும் ஒரே அளவு. ஆகவே சேர்த்துச் சுருக்கினால் அ² + 2அஇ + இ².

மண்ணில் யாரும் செய்யாத தவற்றைத் தாளில் எல்லோரும் செய்கிறோம். காரணம், தாளில் குழி தெரிவதில்லை. எழுத்து மட்டுமே தெரிகிறது. எழுத்துக்கு அடியில் நிலம் இருக்கிறது என்பதை மறவாமல் வைத்திருந்தவர்களின் வரலாறுதான் இந்தக் கணக்கின் வரலாறு.

கோலும் குழியும்

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளை எடுத்துக்கொள்வோம். அங்கே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். எண்சுவடியில் முழு எண்களின் பெருக்கல் மட்டும் இல்லை. கால், அரை, முக்கால், வீசம், மா, காணி, முந்திரி என்ற பின்னங்களின் பெருக்கலும் உண்டு. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய பின்னத்தையும் பத்து வயதுப் பிள்ளை வாயால் பெருக்கியது.

எண்சுவடியின் ஒரு பகுதிக்குக் குழிமாற்று என்று பெயர். நிலத்தைக் கோலால் அளப்பார்கள். கோலின் நீளம் ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உள்ள சதுர நிலம் ஒரு குழி. தஞ்சைப் பகுதியில் 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. நாம் தோட்டத்தில் வெட்டும் குழி வேறு, இந்தக் குழி வேறு. இது பரப்பளவின் பெயர். நீளமும் அகலமும் சமமாக இருந்தால் எத்தனை குழி என்று சொல்லும் வாய்பாடுதான் குழிமாற்று. இன்றைய பள்ளி மொழியில் சொன்னால் அது வர்க்க வாய்பாடு.

ஒரு பக்கம் ஒன்றேகால் கோல் உள்ள சதுர நிலத்துக்கு எத்தனை குழி? ஒன்றேகால் என்பது ஒன்றும் காலும் சேர்ந்தது. அதாவது அதுவே ஓர் ஈருறுப்பு. ஒன்றை ஒன்றால் பெருக்க ஒன்று. ஒன்றைக் காலால் பெருக்கக் கால். காலை ஒன்றால் பெருக்க இன்னொரு கால். காலைக் காலால் பெருக்க வீசம், அதாவது 16இல் ஒரு பங்கு. நான்கையும் கூட்டினால் ஒன்றும் அரையும் வீசமும். நம்மவர் சொல்லில் ஒன்றரையே வீசம். நடுவில் உள்ள இரண்டு காலையும் மறந்தவருக்கு ஒன்றே வீசம்தான் வரும். அவர் அரைக் குழி நிலத்தைப் பறிகொடுத்துவிட்டார். அந்த நாளில் நிலவரி குழிக்கணக்கில் நின்றது. குறுவையோ சம்பாவோ, விளைச்சலில் பங்கும் அந்தக் கணக்கில்தான் நின்றது. ஆகவே நடு உறுப்பு இரண்டும் வெறும் பள்ளிக்கூடப் பேச்சாக இருக்கவில்லை. அவை நெல்லாக இருந்தன.

தேமா, புளிமா

நிலத்தில் மட்டுமா இந்தப் பெருக்கல்? நம் செய்யுளிலும் இருக்கிறது.

தமிழில் அசை இரண்டு வகை, நேர் என்றும் நிரை என்றும். இரண்டு அசை சேர்ந்தால் ஒரு சீர். முதல் இடத்தில் நேர் வரலாம், நிரையும் வரலாம். இரண்டாம் இடத்திலும் அப்படியே. ஆகவே நேர் நேர், நிரை நேர், நிரை நிரை, நேர் நிரை என்று நான்கு சீர்கள் கிடைக்கின்றன. இவற்றை நினைவில் வைக்கத் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்று மரங்களின் பெயரால் வழங்குகிறோம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அமிதசாகரர் இயற்றிய யாப்பருங்கலக்காரிகையைப் படித்த தலைமுறைகள் எல்லாம் இதை ஓதியிருக்கின்றன. இவற்றுக்கு இலக்கணம் தரும் பெயர் என்ன தெரியுமா? வாய்பாடு. பெருக்கலுக்கும் அதே சொல், சீருக்கும் அதே சொல்.

இது தற்செயல் ஒற்றுமையாக இருக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் கணக்கு ஒன்றுதான். (நேர் + நிரை) என்பதை (நேர் + நிரை) என்பதால் பெருக்கினால் இந்த நான்கும்தான் வரும். ஒன்றையும் விடாமல், ஒன்றையும் இரண்டு முறை சொல்லாமல், முதல் அடைப்பில் உள்ள ஒவ்வொன்றும் இரண்டாம் அடைப்பில் உள்ள ஒவ்வொன்றோடும் சேர வேண்டும். இலக்கணத்தில் நிரை நேர் வேறு, நேர் நிரை வேறு. புளிமாவைக் கூவிளம் என்று சொன்னால் வாத்தியார் காதைத் திருகுவார். எண்களில் அப்படி இல்லை. மூன்றை இருபதால் பெருக்கினாலும் இருபதை மூன்றால் பெருக்கினாலும் அறுபதுதான். ஆகவே இயற்கணிதத்தில் நடுவில் உள்ள இரண்டையும் சேர்த்து 2அஇ என்று எழுதுகிறோம். பெருக்கலில் நான்கு வருகிறது, சுருக்கலில் மூன்றாகிறது. பெருக்கிச் சுருக்குக என்று பாடநூல் சொல்வதன் பொருள் இவ்வளவுதான்.

இன்னொரு அசையைச் சேர்த்தால் மூவசைச் சீர். நேரில் முடிவது காய், நிரையில் முடிவது கனி. காய் நான்கு, கனி நான்கு, ஆக எட்டு. இந்த எட்டில் மூன்றும் நேராக இருப்பது 1. இரண்டு நேரும் ஒரு நிரையும் கொண்டவை 3. ஒரு நேரும் இரண்டு நிரையும் கொண்டவை 3. மூன்றும் நிரையாக இருப்பது 1. அதாவது 1, 3, 3, 1. (அ + இ) என்பதை மூன்று முறை பெருக்கிச் சுருக்கினால் வரும் எண்களும் இவையே.

வடமொழியிலும் இதே கேள்வி எழுந்தது. குறில், நெடில் அசைகளைக் கொண்டு எத்தனை வகைப் பாவடி அமைக்கலாம் என்று பிங்கலர் சந்த சாத்திரத்தில் ஆராய்ந்தார். 10ஆம் நூற்றாண்டில் அதற்கு உரை எழுதிய ஹலாயுதர், உச்சியில் ஒரு கட்டம், அடுத்து இரண்டு, அடுத்து மூன்று என்று மலைபோல் அடுக்கி, மேலே உள்ள இரண்டைக் கூட்டிக் கீழே எழுதும் முறையை விளக்கினார். அதற்கு மேரு பிரஸ்தாரம் என்று பெயர். 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுப் பாஸ்கல் எழுதிய நூலால் அது இன்று உலகெங்கும் பாஸ்கல் முக்கோணம் என்று வழங்குகிறது.

நிறங்களால் எழுதிய கணக்கு

தெரியாத அளவுக்கு ஓர் எழுத்தை வைப்பது மேனாட்டார் கண்டுபிடிப்பு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இந்தியக் கணித நூல்களில் இது பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்தது. இன்றைய இராஜஸ்தானில் உள்ள பின்மாலில் வாழ்ந்த பிரம்மகுப்தர் கி.பி. 628இல் தம் நூலை எழுதினார். தெரியாத அளவுகளுக்கு நிறங்களின் பெயரை வைக்கும் வழக்கம் அக்காலத்திலேயே இருந்தது. பின்வந்தவர்கள் முதல் தெரியாத அளவை யாவத்தாவத் என்றார்கள், எவ்வளவோ அவ்வளவு என்பது அதன் பொருள். அடுத்தவை காலகம், நீலகம், பீதகம், லோகிதம் என்று கறுப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு நிறங்கள். அவற்றின் முதல் எழுத்தை மட்டும் சுருக்கமாக எழுதினார்கள்.

1114இல் பிறந்த பாஸ்கரர் 1150இல் லீலாவதி என்ற கணித நூலைத் தந்தார். 135ஐ 12ஆல் பெருக்கச் சொல்கிறது அதில் ஒரு கணக்கு. பன்னிரண்டை எட்டு, நான்கு என்று இரண்டு துண்டாக்கிப் பெருக்கிக் கூட்டலாம். 1080உம் 540உம் சேர்ந்து 1620. வர்க்கம் காண்பதற்கும் அங்கே இதே வழிதான். 14இன் வர்க்கம் வேண்டுமா? பதினான்கை எட்டும் ஆறுமாகப் பிரி. இரண்டையும் பெருக்க 48, அதை இரட்டிக்க 96. எட்டின் வர்க்கம் 64, ஆறின் வர்க்கம் 36, சேர்ந்து 100. ஆக 196. நடு உறுப்பை முதலில் சொல்லிவிட்டு மற்ற இரண்டைப் பிறகு சொல்லும் இந்த வரிசையைப் பாருங்கள். மறக்கக் கூடியதை முதலில் வைப்பது நல்ல ஆசிரியர் வழி.

297இன் வர்க்கத்துக்கு இன்னும் எளிய வழி உண்டு. மூன்றைக் கூட்டினால் 300, மூன்றைக் கழித்தால் 294. இரண்டையும் பெருக்கினால் 88,200. மூன்றின் வர்க்கமான 9ஐச் சேர்த்தால் 88,209. (அ + இ) என்பதை (அ – இ) என்பதால் பெருக்கினால் நடுவில் உள்ள இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அ² – இ² மட்டும் நிற்கும். அந்த உண்மையைப் பயன்படுத்தியே இந்த வழி அமைந்தது.

மேற்கே பாக்தாத் நகரில், கி.பி. 820ஐ ஒட்டி அல் குவாரிஸ்மி என்னும் அறிஞர் எழுதிய நூலின் பெயரில் அல் ஜபர் என்ற சொல் இருந்தது. அந்தச் சொல்தான் ஆங்கிலத்தில் அல்ஜீப்ரா ஆயிற்று. பாகப்பிரிவினை, வணிகம், நில அளவை ஆகியவற்றுக்கு உதவவே அவர் அந்த நூலை எழுதினார். பத்தும் ஒன்றும் சேர்ந்ததைப் பத்தும் இரண்டும் சேர்ந்ததால் பெருக்குவது எப்படி என்று அவர் காட்டுகிறார். நூறு, இருபது, பத்து, இரண்டு, ஆக 132. கிரேக்க நாட்டு யூக்ளிட் கி.மு. 300ஐ ஒட்டி இதையே ஒரு சதுரத்தை நான்கு துண்டாக வெட்டிப் படமாகக் காட்டியிருந்தார். கிரேக்கரும் அரபியரும் நம்மவரும் வேறு வேறு மொழி பேசினார்கள். ஆனால் எல்லோரும் எண்ணியது நான்கு துண்டு.

இன்று நாம் எழுதும் முறை பின்னால் வந்தது. 1591இல் பிரான்சு நாட்டு வியேட் என்பவர் தெரியாத அளவுகளுக்கு உயிரெழுத்துகளையும், தெரிந்த அளவுகளுக்கு மெய்யெழுத்துகளையும் பயன்படுத்தினார். 1637இல் தேக்கார்ட் என்பவர் தம் மொழி நெடுங்கணக்கின் கடைசி எழுத்துகளைத் தெரியாத அளவுகளுக்கு வைத்தார். பாடநூலில் எக்ஸ், வை என்று பிள்ளைகள் படிப்பது அவர் வழி வந்தது. உடை புதிது, ஆள் பழையவர்.

கழித்தால் ஏன் கூடுகிறது?

பிள்ளைகள் தடுமாறும் இன்னோர் இடம், குறையைக் குறையால் பெருக்கினால் மிகை வருவது. பிரம்மகுப்தர் இதைச் செல்வம், கடன் என்ற சொற்களால் விதித்தார். கடனைக் கடனால் பெருக்கினால் செல்வம் என்றார். இதை அப்படியே ஓதுவதைவிடத் தோப்பில் நின்று பார்ப்பது எளிது.

அதே 20 நிரை, நிரைக்கு 20 மரம். சாலை போடுவதற்காக ஒரு நிரையை வெட்டுகிறார்கள். ஒவ்வொரு நிரையின் முனையிலும் இரண்டு மரத்தையும் வெட்டுகிறார்கள். மீதி எத்தனை? ஒரு நிரைக்கு 20 மரம் போயிற்று. முனையில் இரண்டு வீதம் 20 நிரைக்கு 40 மரம் போயிற்று. 400இல் 60 போக 340. ஆனால் மீதி நிற்பது 19 நிரை, நிரைக்கு 18 மரம். பெருக்கினால் 342. இரண்டு மரம் எங்கிருந்து வந்தன? வெட்டிய நிரையின் முனையில் இருந்த இரண்டு மரத்தை நிரைக் கணக்கிலும் கழித்தோம், முனைக் கணக்கிலும் கழித்தோம். இரண்டு முறை கழித்ததை ஒரு முறை திரும்பக் கூட்ட வேண்டும். (20 – 1)(20 – 2) என்பதில் ஒன்றையும் இரண்டையும் பெருக்கி வரும் கூட்டல் இரண்டு அதுதான். இதைக் கண்ணால் பார்த்த பிள்ளைக்கு விதி மறந்தாலும் கணக்கு மறக்காது.

இப்போது எழுத்துக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ம என்பது தெரியாத அளவு. (ம + 3) என்பதை (ம + 5) என்பதால் பெருக்குவோம். ம × ம என்பது ம². ம × 5 என்பது 5ம. 3 × ம என்பது 3ம. 3 × 5 என்பது 15. நான்கு துண்டும் வந்துவிட்டன. இனிச் சுருக்க வேண்டும். ஐந்து தேங்காயும் மூன்று தேங்காயும் சேர்ந்தால் எட்டுத் தேங்காய். தேங்காயையும் பாக்கையும் கூட்டி ஒரே பெயர் சொல்ல முடியாது. அதுபோல 5மவும் 3மவும் சேர்ந்து 8ம ஆகும். ம²ஐயும் 15ஐயும் அதோடு சேர்க்க முடியாது. விடை ம² + 8ம + 15. சரிதானா என்று பார்க்க ம என்பதைப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். 13ஐ 15ஆல் பெருக்கினால் 195. மறுபக்கம் 100, 80, 15. அதுவும் 195. இப்படிச் சரிபார்க்கும் பழக்கம் பிள்ளைக்கு வந்துவிட்டால், வாத்தியார் சொல்லும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பிள்ளைகளுக்கு ஏன் கடினம்?

இவ்வளவு நெருங்கிய கணக்கு நம் பிள்ளைகளுக்கு ஏன் தூரமாயிற்று? அதற்கும் வரலாறு உண்டு.

மலாய்க் கூட்டு மாநிலங்களில் 1923இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும் என்றது. அதனால் தோட்டந்தோறும் தமிழ்ப்பள்ளி எழுந்தது. ஆனால் அது தொடக்கப் பள்ளியோடு நின்றது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் தமிழில். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் வேறு பள்ளி, வேறு மொழி. மலேசியத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் ஆறாண்டுத் தொடக்கப் பள்ளிகளே. எழுத்துக் கணக்கு தொடங்குவது இடைநிலைப் பள்ளியில். ஆகவே எண்ணுக்குப் பதில் எழுத்து வரும் அதே ஆண்டில், தமிழுக்குப் பதில் வேறு மொழியும் வருகிறது. ஒரு பிள்ளை ஒரே நாளில் இரண்டு ஆறுகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. தடுமாறினால் கணக்கு வராத பிள்ளை என்ற பெயர் வந்துவிடுகிறது. வராதது கணக்கா, மொழியா என்று யாரும் கேட்பதில்லை.

சிங்கப்பூரில் ஒரு காலத்தில் வேறு வழி இருந்தது. கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் 1946இல் தொடங்கிய உமறுப்புலவர் தமிழ்ப்பள்ளி, 1960இல் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்தது. அங்கே உயர்நிலைப் பாடங்களைத் தமிழிலேயே படிக்க முடிந்தது. பெற்றோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிகளுக்கு அனுப்பத் தொடங்கியதால் மாணவர் தொகை குறைந்து, 1982இல் அந்தப் பள்ளி மூடப்பட்டது. பிழைப்புக்கு எந்த மொழி வேண்டுமோ அதில் படிக்க வைத்த பெற்றோரைக் குறை சொல்வதற்கில்லை. இலங்கையில் உயர்வகுப்பு வரை தமிழில் கணிதம் உண்டு. அங்கே இதன் பெயர் அட்சரகணிதம். ஆனால் மலையகத் தோட்டப் பள்ளிகள் பலவும் நெடுங்காலம் கீழ்வகுப்புகளோடு நின்றதால், பல தலைமுறை அந்தப் பாடத்தின் வாசலைக்கூடப் பார்க்கவில்லை.

ஆகவே வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. நமக்குத்தான் எழுத்துக் கணக்குத் தெரியாதே, பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுப்பது என்று அம்மாமார் ஒதுங்கிவிட வேண்டாம். நிரை எண்ணிய கைகள் நம்முடையவை. பிள்ளை எந்த மொழியில் வேண்டுமானாலும் படிக்கட்டும். சாயங்காலம் அதன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு சதுரம் போடச் சொல்லுங்கள். குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. "நான்கு துண்டும் வந்ததா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும். அப்பாவும் கேட்கலாம், பாட்டியும் கேட்கலாம். நடுவில் உள்ள இரண்டு துண்டும் விடுபடாமல் இருப்பதற்கு அதைவிட நல்ல காவல் இல்லை.

முடிக்கும் முன் கேலாங் சாலைக்குத் திரும்புவோம். வடக்கே ஒற்றை எண், தெற்கே இரட்டை எண் என்றோம். வடக்குப் பக்கத்து எண்கள் இரண்டை எடுத்துப் பெருக்கினால் விடை எந்தப் பக்கத்தில் விழும்? 3ஐ 7ஆல் பெருக்கினால் 21. அதுவும் வடக்குப் பக்கம். வேறு இரண்டு எண்களை எடுத்தால்? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே இருந்தால் முடிவு கிடையாது. ஆனால் எழுத்தால் ஒரே வரியில் சொல்லிவிடலாம். ஒற்றை எண் என்றால் ஏதோ ஓர் எண்ணின் இரண்டு மடங்கும் ஒன்றும். ஆகவே ஒன்று (2ம + 1), மற்றது (2ந + 1). பெருக்கினால் 4மந + 2ம + 2ந + 1. முதல் மூன்று துண்டும் இரட்டை எண்கள். கடைசியில் ஒன்று மிச்சம். ஆகவே விடை எப்போதும் ஒற்றைதான். எத்தனை பெரிய எண்ணானாலும் அது வடக்குப் பக்கத்தை விட்டுப் போகாது.

எண்ணால் ஒரு தோப்பைத்தான் எண்ண முடியும். எழுத்தால் எல்லாத் தோப்பையும் எண்ணிவிடலாம். அதற்காகத்தான் இந்தப் பாடம்.

நேயர்கள் வீட்டில் போட்டுப் பார்க்க இரண்டு கணக்குகள்: (ம + 4) என்பதை (ம + 6) என்பதால் பெருக்கிச் சுருக்குங்கள். (ம + 7) என்பதை (ம – 2) என்பதால் பெருக்கிச் சுருக்குங்கள். ம என்பதைப் பத்து என்று வைத்தால் முதலாவது 224 ஆகவும், இரண்டாவது 136 ஆகவும் வர வேண்டும். வராவிட்டால் கவலை வேண்டாம். சதுரத்தைப் போட்டு, எந்தத் துண்டு விடுபட்டது என்று பாருங்கள். பெரும்பாலும் அது நடுவில்தான் இருக்கும்.